பெண்கள் வாசலில் பத்து நிமிடம்

கெம்பம்மா நிற்கும் வாசலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவள் வந்து சாவிக் கொத்தை வாங்கிக்கொள்ளும்வரை இவள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மழை, வயிற்றுவலி, வீட்டில் விசேஷம் என்று எதைச் சொன்னாலும் காவல் மேற்பார்வையாளர் குருமூர்த்தியின் பதில் ஒன்றே: "ரிலீவர் எங்கம்மா?"

சூளகிரிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும், கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை அது. லாரிகளுக்கு ஒரு வாசல், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஷிப்டு மாறும்போது பெண்கள் வாசலில் அறுநூறு பேர் உள்ளே போவார்கள், அறுநூறு பேர் வெளியே வருவார்கள். ஒவ்வொருத்தியின் பையையும் திறந்து பார்க்கவேண்டும். செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்து டோக்கன் தரவேண்டும். பெண்களைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும் என்பதால் ஆண் காவலாளி யாரையும் மாற்றுக்கு நிறுத்த முடியாது. ஏஜென்சியில் பெண் காவலாளிகள் மூன்று பேர். அதில் மாதம்மாள் மகளின் பிரசவத்துக்காக மத்தூர் போய்விட்டாள். மிச்சம் இரண்டு பேர்: காலை ஆறு முதல் இரண்டு மணி வரை கெம்பம்மா, இரண்டு முதல் பத்து வரை மணிமேகலை. பத்துக்கு மேல் பெண்களுக்கு ஷிப்டு இல்லை, வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

கெம்பம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. கோணசந்திரத்துக்காரி. பிறந்த வீட்டில் எல்லாரும் தக்காளித் தோட்டத்துக் கூலிகள். தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைச் சுவர்களுக்குள் போனபோது, அவளும் அந்தச் சுவருக்குக் காவல் நிற்கப் போனாள். கணவன் ராமப்பன் ராயக்கோட்டை மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறான். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, வாசலில் தமிழ். மூன்றிலும் அவள் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தண்ணி வந்துச்சா?

மணிமேகலை அவளைவிட மூன்று வயது இளையவள். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். கல்யாணமான கையோடு கணவனுடன் இங்கே வந்து, வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடு ஒன்றில் குடியேறி, பதினைந்து வருஷமாக அதே லைனில் அதே அறையில் இருக்கிறாள். வாடகை மட்டும் ஆறு முறை மாறியிருக்கிறது.

இந்த இருவரின் சிநேகிதம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு மணிவரை, சில நாள் இரண்டு பத்துவரை. சாவி, விசில், சோதனைக் கோல், பதிவேடு எல்லாம் கைமாறும். கூடவே ஊர்ச் செய்தியும் ஒரு டப்பா சோறும். பத்து நிமிடம் பத்து நிமிடமாக, பதினொரு வருஷத்தில் ஒருத்தி குடும்பம் இன்னொருத்திக்கு அத்துப்படி. ஆனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. ஒருத்திக்கு ஓய்வு என்றால் இன்னொருத்திக்கு டூட்டி.

கட்சிக்குள் அவர்கள் வந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் பெண் காவலாளிகளுக்கு நாற்காலி கிடையாது, கழிப்பறை அந்தக் கோடியில். உழைப்பாளர் ஐக்கியக் கட்சியின் பேரூர்ச் செயலாளர் திம்மராயன் அதைக் கேள்விப்பட்டு, மூன்று நாள் வாசலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மேனேஜர் உள்ளே கூப்பிட்டுப் பேச ஆளனுப்பினார். "ரூமுக்குள்ள வந்து பேசமாட்டேன். இந்தப் பொண்ணுங்க நிக்கிற எடத்துக்கு வந்து பேசச் சொல்லு" என்றார் திம்மராயன். நான்காம் நாள் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கழிப்பறை ஆறு மாதம் கழித்து வந்தது. இருவரும் உறுப்பினர் சீட்டு வாங்கினார்கள்.

போன பேரூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய ஆறாவது வார்டில் கெம்பம்மாவும் ஒன்பதாவது வார்டில் மணிமேகலையும் நின்று ஜெயித்தார்கள். பதினைந்து வார்டுகளில் ஒன்பது கட்சிக்கு. ஊர்ச் சுவரெல்லாம் திம்மராயன் தன் கையாலேயே எழுதிய வாசகம்: "வீட்டு வரி ஒரு ரூபாய்கூட ஏறாது." கெம்பம்மாவும் அதைத்தான் வீடு வீடாகச் சொல்லி ஓட்டு கேட்டாள்.

அந்த வாசகத்தில்தான் இப்போது கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது.

ஆறாவது, ஒன்பதாவது வார்டுகளுக்குக் குடிநீர்க் குழாய் போட அரசாங்க மானியம் தயாராக இருந்தது. ஆனால் பேரூராட்சியின் வரி வருமானம் உயரவேண்டும், உயரும் என்று மன்றம் தீர்மானம் போட்டு அனுப்பவேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள். மன்றக் கூட்டம் சனிக்கிழமை; அதற்கு மட்டும் வெளியிலிருந்து மாற்றுக் காவலாளி அனுப்ப ஏஜென்சி ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு வெள்ளிக்கிழமை கட்சியின் ஒன்பது பேரும் கூடி ஒரு முடிவு எடுக்கவேண்டும். எடுத்த முடிவுக்கு ஒன்பது கையும் உயரவேண்டும். அது கட்சி வழக்கம்.

"எல்லா வீட்டுக்கும் கால் பங்கு ஏத்துவோம். தண்ணி வந்தா ஜனம் மன்னிச்சிடும்" என்றார் பேரூராட்சித் தலைவர் பாஸ்கரன். ஒரு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கணக்காகப் பேசுவார்.

"சொன்ன சொல்ல மென்னு முழுங்கிட்டு எந்த மூஞ்சோட தெருவுல நடக்கறது?" என்றார் திம்மராயன். "ஒரு ரூபா கூட ஏறக்கூடாது. மானியத்த நிபந்தனை இல்லாமக் குடுன்னு ரோட்டுல உக்காருவோம்."

அவர் பக்கம் அவரையும் சேர்த்து நான்கு பேர். மணிமேகலை அதில் ஒருத்தி. பாஸ்கரன் பக்கமும் நான்கு. ஒன்பதாவது ஆள் கெம்பம்மா. அவள் எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை. கை சமமாக நின்றால் செயலாளர் சொல்வதே முடிவு என்பது கட்சி விதி. செயலாளர் திம்மராயன்.

வாய் திறக்காத அந்த மூன்று வாரமும் கெம்பம்மா சும்மா இருக்கவில்லை. டூட்டி முடிந்து வந்து, தன் வார்டுத் தெருக்களில் காவலாளி நடை நடந்தாள். வாசலில் நின்று நின்று, ஆட்களை எண்ணாமல் அவளால் இருக்க முடியாது. தெருவில் அவள் கதவுகளை எண்ணினாள். பிறகு பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வரிப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இருந்ததையும் தான் எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அதை வைத்து ஒரு மூன்றாவது வழி அவள் மனசில் உருவானது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னால் போதும், ஆறாவது வார்டுக்குத் தண்ணீர் வந்துவிடும்.

வியாழக்கிழமை மதியம் ஒன்று ஐம்பதுக்கு மணிமேகலை வந்து நாற்காலியில் பையை வைத்தாள்.

"என்னக்கா, மொகத்துல பல்பு எரியுது?"

"நாளைக்கு மூணு மணி கூட்டத்துல சொல்றேன். உன் ஆளு திம்மராயண்ணனே ஆடிப்போயிடுவாரு பாரு."

மணிமேகலை குனிந்து பெல்ட்டை இறுக்கினாள். அப்போதுதான் கெம்பம்மாவுக்கு உறைத்தது. மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டு மணிக்குத் தன்னை விடுவிக்க வரவேண்டியவள் மணிமேகலை. அவள் டூட்டிக்கு வந்தால் கூட்டத்துக்குப் போக முடியாது. அவள் கூட்டத்துக்குப் போனால் கெம்பம்மா வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். நேரம் குறித்தவர் பாஸ்கரன். "கெம்பம்மாவுக்கு ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியும், மூணுக்கு வெச்சா வந்துடும்" என்று யோசித்துக் குறித்தவர், அவளை விடுவிக்கும் ஆளும் தன் கட்சியின் கவுன்சிலர்தான் என்பதை மறந்துவிட்டார்.

"மேகலா, நாளைக்கு நீ டூட்டிக்கு வர்றியா, இல்லியா?"

"வாறேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லலக்கா."

"திம்மராயண்ணன் வராதேன்னு சொன்னாரா?"

மணிமேகலை விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம். நீங்க வரிய ஏத்துவீக, வீட்டுக்காரன் வாடகைய ஏத்துவான். எங்க லைன்ல இருவது குடும்பம். அம்புட்டுப் பேரும் என்னைய நம்பி ஓட்டுப் போட்டவுக. நான் கை தூக்காம வீட்ல குந்தியிருக்க முடியுமா?"

"அப்ப நான் மட்டும் இங்க நின்னுக்கினு இருக்கட்டும். அப்டித்தான?"

வெளியே போகும் பெண்களின் வரிசை அதற்குள் வாசலை முட்டியது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் கெம்பம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஓட்டு குறைந்தால் நாலுக்கு நாலு. திம்மராயன் முடிவுதான் முடிவு. குழாயும் இல்லை, மானியமும் இல்லை. அவள் கண்டுபிடித்ததை யாரும் கேட்கப்போவதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே திம்மராயனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அவர் மெஷினில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா கெம்பம்மா. பாஸ்கரன் தூதா?"

"நான் யாருக்கும் தூது இல்லணா. ஒரு நியாயம் கேக்க வந்தேன். அந்த போட்டோல நீங்க எங்க உக்காந்துக்கினு இருக்கீங்க?"

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு படம். தொழிற்சாலை வாசல், தரையில் திம்மராயன், பின்னால் இளைத்துப்போன இரண்டு பெண் காவலாளிகள்.

"தெரியாதா உனக்கு? உங்க கேட்ல."

"மேனேஜர் உள்ள கூப்ட்டப்ப என்னா சொன்னீங்க?"

திம்மராயன் காகிதக் கட்டைக் கீழே வைத்தார். அவள் எங்கே வருகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் சிரிப்பை அடக்கியது மீசையில் தெரிந்தது.

"சொல்லுங்கணா. பொண்ணுங்க நிக்கிற எடத்துக்கு வந்து பேசுன்னு சொன்னீங்களா இல்லியா? கம்பெனிக்காரன் வரணும், நம்ம கட்சி வராதா? ஒன்னு அம்பதுலேர்ந்து ரெண்டு பத்து வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிப்போம். ஒரு நாளைக்கு அந்த நேரம்தான் எங்களுக்கு. மிச்ச ஏழு பேர் அங்க வாங்க. கூட்டத்த கேட்லயே போடுங்க."

"கேட்டுக்கு முன்னால கட்சிக் கூட்டமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இல்லாத கூட்டத்துல நாலுக்கு நாலுன்னு ஜெயிச்சா அதுக்கும்தான் சிரிக்கும்."

அது தைத்தது. திம்மராயன் பிடிவாதக்காரர், ஆனால் திருட்டு வழியில் ஜெயிக்கிறவர் இல்லை. படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. மத்தவங்களுக்கு நான் சொல்றேன். ஆனா மணிமேகலைக்கு ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அவ டூட்டிக்கு வந்தா கேட்ல கூட்டம். வரலேன்னா மூணு மணிக்கு ஆபீஸ்ல கூட்டம். முடிவு அவ கையில."

வெளியே வந்து கெம்பம்மா மணிமேகலைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவள் போன்தான் வாசல் பெட்டியில் டோக்கன் போட்டுத் தூங்குமே! தனக்குத்தானே தலையில் தட்டிக்கொண்டாள். மறுநாள் காலை டூட்டிக்குப் புறப்படும் முன்பும் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்று நாற்பத்தைந்துக்குத் தொழிற்சாலைச் சாலையில் மொபெட்டுகளும் ஒரு ஷேர் ஆட்டோவும் வரிசையாக வந்து நின்றன. பாஸ்கரன் வெள்ளைச் சட்டையில், கையில் பைலோடு இறங்கினார். திம்மராயன் சிவப்புத் துண்டோடு வந்து, பத்து வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே இடத்தில் நின்றார். ஏழு பேரும் வந்தாயிற்று. வாசலுக்குள் கெம்பம்மா, கையில் சோதனைக் கோலோடு. எட்டு.

குருமூர்த்தி ஓடி வந்தார். "என்னம்மா இது? ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார். எங்க கட்சிக் கூட்டம். பத்து நிமிஷம்."

"இங்கயா? கேட்டுக்கு முன்னால கூட்டம் போடக் கூடாதும்மா!"

"கேட்டு எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி ரோடு, சார்" என்றார் பாஸ்கரன், பைலைத் தட்டிக்கொண்டே. "நான் அதோட தலைவர்."

பி ஷிப்டு கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். கெம்பம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கி, பஸ் திரும்பியது. மணிமேகலை இல்லை.

ஒன்று ஐம்பத்தைந்து.

"வரலேம்மா" என்றார் திம்மராயன். குரலில் வெற்றி இல்லை. "நாங்க ஆபீசுக்குக் கிளம்பறோம்."

"ரெண்டு மணி வரைக்கும் அவளுக்கு நேரம் இருக்குதுணா. பதினோரு வருஷத்துல ஒரு நாளும் அவ என்ன நிக்க வெச்சதில்ல."

சொல்லிவிட்டுக் கெம்பம்மா வரிசையின் பக்கம் திரும்பினாள். கை தானாகப் பைகளைத் திறந்து மூடியது. அந்த நேரம் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு தக்காளி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருத்தி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

"மேகலா!"

"கத்தாதீக. வேணும்னேதான் பஸ்ஸ விட்டேன்" என்று மூச்சு வாங்கினாள் மணிமேகலை. "சேலையக் கட்டிக்கிட்டுக் கூட்டத்துக்குக் கெளம்பி வீட்டு வாசல்வரைக்கும் வந்துட்டேன். நீங்க இங்க நிக்கிறது கண்ணுக்குள்ளயே வருது. ஓட்டு வேற, கேட்டு வேறன்னு திரும்பிப் போயி சட்டைய மாட்டிக்கிட்டு வந்தா..." அப்போதுதான் ஏழு பேரையும் பார்த்தாள். "ஆத்தாடி! என்ன, ஒட்டுமொத்தமா வந்து நிக்கிறீக?"

"கூட்டம் இங்கதான்" என்றார் திம்மராயன். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. "ரெண்டு பத்து வரைக்கும். ஆரம்பிங்கய்யா!"

உள்ளே சங்கு ஊதியது. ஏ ஷிப்டு முடிந்து, அறுநூறு பெண்களின் வரிசை வாசலை நோக்கி வந்தது. வெளியே பி ஷிப்டு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே இரண்டு கவுன்சிலர்கள், கோட்டுக்கு அப்பால் ஏழு கவுன்சிலர்கள். எந்தக் கட்சியும் இப்படி ஒரு கூட்டம் நடத்தியிருக்காது!

பாஸ்கரன் பைலைத் திறந்தார். "கால் பங்கு ஏத்தினா..."

"உங்களுது எல்லாருக்கும் தெரியும் சார். கெம்பம்மா பேசட்டும்" என்றார் திம்மராயன்.

கெம்பம்மா ஒரு பையைத் திறந்தபடியே பேசினாள். குரல் முதலில் தடுமாறியது, பிறகு ஏறியது.

"நம்ம வரிப் புத்தகத்துல ஆறாவது வார்டுல எத்தன வீடு தெரியுமா? நூத்தி நாப்பது. நான் நடந்து எண்ணுன கதவு அறுநூத்துக்கு மேல. எப்டி? முன்னால ஒரு வீடு அளந்து வரி போட்டாங்க. பின்னால அந்த வீட்டுக்காரர் பதினெட்டு ரூம், இருவது ரூம்னு லைன் கட்டிட்டாரு. அத்த யாரும் அளக்கவே இல்ல! குடோனும் அப்டித்தான். ஒத்த வீட்டுக்காரன் மேல ஒரு ரூபாயும் ஏத்த வேணாம். அளக்காதத அளப்போம். வருமானம் கூடணும்னுதான கேக்குறாங்க? எங்கேர்ந்து கூடுதுன்னு கேக்கலியே!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"லைன் வீட்டுக்காரங்க பூரா நமக்கு வேண்டியவங்கம்மா!" என்று பதறினார் பாஸ்கரன். "தேர்தலுக்குப் பந்தல் போட்டவங்களே அவங்கதான்!"

"அப்ப கூலிக்காரன் தலையில கால் பங்கு ஏத்தும்போது மட்டும் பதறலியே சார்?" என்றார் திம்மராயன் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர். வரி ஏற்றும் கெம்பம்மாவின் யோசனைக்கே அது வக்காலத்து ஆகிவிட்டது என்பது அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

திம்மராயன் கையை உயர்த்தினார். "என் தம்பிக்கும் பதினெட்டு ரூம் இருக்குது. அதையும் சேத்துத்தான சொல்ற?"

"உங்க தம்பி வீடுதான்ணா மொத நம்பர்."

வெளியேறும் வரிசையில் சிரிப்பு வெடித்தது. திம்மராயனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தலையை ஆட்டினார். "லைன்காரன் வரியக் கட்டுவான், மறுநாளே வாடகையில வசூல் பண்ணிக்குவான். இது சுத்து வழியில ஏழை மேல போடற வரிதான். நான் ஒத்துக்கமாட்டேன்."

"அதான் என் கேள்வியும்" என்றாள் மணிமேகலை. சோதனைக் கோல் ஒரு பெண்ணின் இடுப்பருகே அப்படியே நின்றது. "சொல்லுங்கக்கா. வாடகை ஏறுனா யாரு கட்டுறது? நீங்களா?"

கதவை எண்ணிய கெம்பம்மா, கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் வாடகையை எண்ணவில்லை. பாஸ்கரன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நான்கு.

"தெரியல மேகலா" என்றாள். "அத்த நான் யோசிக்கல. நீ யோசிச்சிருப்ப. நீயே சொல்லு."

மணிமேகலை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். வாதாட வந்தவளிடம் யோசனை கேட்டால் எப்படி?

கோலுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குப் பொறுமை போயிற்று. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், ஸ்வாதி என்று பேர். "அக்கா, எங்க லைன்ல டேங்கர் லாரிக்கு மாசா மாசம் தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்க. அதுலயும் நாலு நாளைக்கு ஒரு தடவதான் வருது. குழாய் வந்தா அந்தக் காசு மிச்சம்தான? ஏதோ ஒண்ண முடிவு பண்ணுங்க, எங்களக் குளிக்க விடுங்க மொதல்ல!"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் மணிமேகலை சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"சரி. அப்ப வரி மொதல்ல கெடையாது, தண்ணி மொதல்ல" என்றாள். "எந்த லைன்ல குழாய்த் தண்ணி வருதோ, வந்த மறுமாசத்துல இருந்துதான் அந்த லைனுக்குப் புது வரி. குழாயும் வீட்டுக்காரன் தொட்டிக்குள்ள போகக் கூடாது, லைன் வாசல்ல நிக்கணும். டேங்கர் காசு மிச்சமான பெறகு எவனாவது வாடகைய ஏத்துனா, நான் அவன் வாசல்ல போயி உக்காருறேன். உக்காரச் சொல்லிக் குடுத்தவரு இந்தா நிக்கிறாரு."

"அதெப்டி? தீர்மானம் போட்டாத்தான் மானியமே வரும்" என்று ஆரம்பித்த பாஸ்கரன் பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. "தீர்மானம்தான் கேக்குறாங்க. வசூல் எந்த மாசம் தொடங்கும்னு நாமதான் எழுதணும்! எழுதிக்கலாம்!"

"கெம்பம்மா, உனக்குச் சம்மதமா?" என்றார் திம்மராயன்.

"நூறு தடவ சம்மதம்ணா! நான் கதவு வரைக்கும்தான் போனேன். அவ உள்ளார போயிட்டா."

"அப்ப கை தூக்குங்க."

இரண்டு எட்டு. கெம்பம்மாவின் கை முதலில் போயிற்று, தொப்பியைத் தட்டிவிட்டு. பாஸ்கரன் பக்கத்து மூன்று பேரும் தூக்கினார்கள். பந்தல் போட்டவர்களை நினைத்துக் கொஞ்சம் தயங்கிய பாஸ்கரனும் தூக்கினார். ஐந்து. மணிமேகலையின் ஒரு கையில் கோல், இன்னொன்றில் யாருடையதோ டிபன் டப்பா.

"ரெண்டு கையும் டூட்டில இருக்கு. தலைய ஆட்டுறேன், எண்ணிக்கிருங்க!"

ஆறு. திம்மராயனும் அவர் பக்கத்து இருவரும் கையைக் கீழேயே வைத்திருந்தார்கள்.

"நான் எதிர்ப்புத்தான்" என்றார் திம்மராயன். "எதிர்ப்புன்னே எழுதிக்கோங்க. ஆனா முடிவு முடிவு. நாளைக்கு மன்றத்துல ஒம்போது கையும் மேல போகும், என்னுதும் சேத்து. செவுத்துல எழுதுனதுக்குக் கீழ, யாருக்கு ஏறாது, யாருக்கு ஏறும்னு நானே எழுதறேன். என் தம்பிகிட்டயும் நானே சொல்லிக்கறேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி சரி, கலைங்க!" என்று குருமூர்த்தி கையை வீசினார். "ரெண்டு பத்து ஆயிடுச்சு!" பிறகு கெம்பம்மாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "எங்க தெரு எந்த வார்டும்மா? கோவில் தெரு."

"ஒம்போது சார். அவளக் கேளுங்க."

கம்பெனி பஸ்ஸில் பெண்கள் கெம்பம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஸ்வாதி, "என் பேச்சத் தீர்மானத்துல எழுதுவீங்களாக்கா?" என்று கேட்டாள். கெம்பம்மா நடந்ததை ஆரம்பத்திலிருந்து, கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பஸ் முதல் திருப்பம் திரும்பியபோது இடுப்பில் ஏதோ குத்தியது. கையை வைத்துப் பார்த்தாள்.

சாவிக் கொத்து.

"ஐயோ, நிறுத்துங்க! டிரைவரண்ணா, நிறுத்துங்க!"

இறங்கி, திருப்பத்திலிருந்து வாசல்வரை ஓடினாள். நாற்பத்தொரு வயதில் அவ்வளவு வேகம் தனக்கு உண்டு என்று அவளுக்கே தெரியாது. மணிமேகலை இடுப்பில் கைவைத்து நடுவாசலில் நின்றிருந்தாள்.

"ஓட்ட வாங்குனீக, கட்சியவே வாங்குனீக. சாவிய மட்டும் குடுக்காமப் போனா எப்புடி? சட்டப்படி நீங்க இன்னும் டூட்டிலதான் இருக்கீக!"

"இந்தா பிடி. உன் நாற்காலி, உன் கேட்டு."

இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். நேரம் இரண்டு முப்பத்தொன்று. இந்த வாசலில் சாவி அவ்வளவு தாமதமாகக் கைமாறியது அன்றுதான். மணிமேகலை தன் டப்பாவைத் திறந்து ஒரு கொழுக்கட்டையை அவள் வாயில் திணித்தாள்.

பஸ் போய்விட்டது. கெம்பம்மா நெடுஞ்சாலையை நோக்கி நடந்தாள். கால் தரையில் பாவவில்லை. பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து பக்கத்தில் நின்றது. திம்மராயன், தோளில் சிவப்புத் துண்டு.

"எதிர்த்து ஓட்டுப் போட்டவன் வண்டியில ஏறுவியா?"

"நாளைக்குக் கை தூக்கறவர் வண்டிதான? ஏறுவேன்."

அவள் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

"எங்கம்மா எறக்கணும்?"

"ஆறாவது வார்டு, கடைசித் தெரு. கொஞ்சம் வேகமாப் போங்கணா. இன்னிக்கு எங்களுக்கு லாரித் தண்ணி வர்ற நாளு."